பூட்டுக்கு வைத்த பொட்டு

அத்தியாயம் 6

"திருட வந்தவன் எடுத்துட்டுத்தானே போவான்? இவன் எதுக்கு ஒண்ணை வெச்சிட்டுப் போயிருக்கான்?"

ஆவுடைத்தாய் கேட்ட கேள்விக்கு அந்தப் பிரஸ்ஸின் ஏ.சி. அறையில் சுடலையிடம் மட்டும் பதில் இருந்தது. அவனிடம் எப்போதும் ஒன்று இருக்கும்.

"கோயில் வாசல் செருப்பு மாதிரிக்கா. நல்லதைப் போட்டுக்கிட்டுப் பிஞ்சதை விட்டுட்டுப் போயிருவாக."

"பொத்துலே வாயை."

விருதுநகர்க் கோர்ட்டில் இருபத்தாறு வருஷம் நகல் எழுத்தராக இருந்தவள் ஆவுடைத்தாய். ஊரார் வழக்குகளை எல்லாம் கையால் பிரதி எடுத்து எடுத்து, எவன் எங்கே பொய் சொல்வான் என்பது அவள் விரல்களுக்கே தெரிந்துபோயிற்று. ஓய்வு பெற்ற மறுமாசமே தேசபந்து மைதானத்துப் பக்கம் மாடியில் ஓர் அறை பிடித்துத் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டிவிட்டாள். பட்டாசுக் கம்பெனிக்கு லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்த சுடலை இப்போது அவளுடைய ஆம்னியை ஓட்டுகிறான். வாயையும் ஓட்டுகிறான்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் லட்சுமிகாந்தம். சிவகாசியில் நாலு கலர் ஆப்செட் மெஷின் இரண்டு வைத்திருப்பவர். தினசரி காலண்டர்தான் அவருக்குச் சோறு. மேஜை மேல் கிடந்ததை, செத்த பல்லியைக் காட்டுவதுபோலக் காட்டினார்.

"இது என் பூட்டு இல்லம்மா!"

தீப்பெட்டியில் பாதி இருக்கும், கறுப்புப் பிளாஸ்டிக் கட்டி. கம்ப்யூட்டர் பின்னால் பிரிண்டர் வயர் செருகுகிற இடத்தில் இதைச் செருகினால்தான் 'அச்சுமணி' என்ற சாஃப்ட்வேர் திறக்கும். பிரஸ்காரர்களுக்கு இது பூட்டு. சாவியும் இதுதான்.

"ரெண்டாயிரமாவது வருசம் ஒரே தரம் காசு கொடுத்து வாங்கினது. 'ஆயுசுக்கும் உங்களுக்குத்தான்'னு சொல்லித்தான் கொடுத்தான். ஏழு வருசத்து டிசைன் அம்புட்டும் அதுக்குள்ளதான் கிடக்கு. வேற எதுலயும் திறக்காது. இப்ப அந்தக் கம்பெனியை இன்னொருத்தன் வாங்கிட்டான். இனிமே விக்க மாட்டானாம், வருச வாடகைதானாம். வாடகை நின்னா நான் போட்ட டிசைனை நானே பாக்க முடியாது. எப்படி இருக்கு கதை? மாட்டேன்னுட்டேன். பழைய பூட்டு இருக்கிற வரைக்கும் என்னை ஒண்ணும் பண்ண முடியாதுல்லா!"

"பூட்டு தொலைஞ்சா?"

"வேற தர மாட்டான். வாடகைக்குத்தான் வரணும். அதான் அந்த ஹரிஷ்குமார் ஆள் வெச்சு எடுத்துட்டான். கம்பெனியோட மெட்ராஸ் ஏஜென்ட். இன்னிக்கு நாலு மணிக்கு ஒப்பந்தத்தோட வாரான். நாளைக்குக் காலையில பிளேட் போடலைன்னா என் காலண்டர் தை மாசம்தான் ஊருக்குப் போகும். அதுக்குள்ள பூட்டு என் கைக்கு வரணும்மா."

"பூட்டு எப்ப போச்சு?"

கதவோரம் நின்ற மாரிசெல்வி பதில் சொன்னாள். பத்து வருஷமாக அங்கே கம்ப்யூட்டரில் பக்கம் போடுகிறவள்.

"ஆயுத பூசை அன்னிக்குச் சாயங்காலம் நான்தான்க்கா கழட்டித் தாம்பாளத்துல வெச்சேன். ஸ்பேனர், ஸ்கேல், கத்தி, மவுஸ் எல்லாத்தோடயும். பொட்டு வெச்சுச் சூடம் காட்டியாச்சு. மறுநாள் விசயதசமி பூசை முடிஞ்சு எடுத்துச் செருகினா, 'பூட்டு இல்லை'ன்னு வருது."

"மத்த நாள்ல கழட்டுவீகளா?"

"தொடவே மாட்டோம்க்கா. இரும்புக் கூடு போட்டுல்ல வெச்சிருக்கு."

ஆவுடைத்தாய் லட்சுமிகாந்தத்தைப் பார்த்தாள்.

"வருசத்துல ஒரே ஒரு ராத்திரிதான் அது கூட்டை விட்டு வெளிய வருது. மெட்ராஸ்காரனுக்கு அது எப்படித் தெரியும் அண்ணாச்சி? ஹரிஷ்குமார் பூசைக்கு வந்திருந்தாரா?"

"இல்ல. ஆனா..."

"அவர் எடுத்திருந்தா சும்மா எடுத்துட்டுப் போயிருப்பார். இப்படி ஒண்ணை வெச்சிட்டுப் போனவனுக்கு, நீங்க இதைப் பாக்கணும்னு ஆசை."

பூட்டைக் கையில் எடுத்தாள். நம்பர் ஒட்டியிருந்த காகிதத்தை யாரோ நகத்தால் உரித்திருந்தார்கள். நடுவில் சந்தனம், மேலே குங்குமம். கட்டை விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். குங்குமம் உதிர்ந்தது. சந்தனம் பொடிந்து விழுந்தது. அதற்கு அடியில் இன்னொரு சிவப்பு இருந்தது. அது அசையவில்லை.

"மாரிசெல்வி, மெஷின் துடைக்கிற வேஸ்ட் துணி இருக்கும்லா? மண்ணெண்ணெயில நனைச்சுக் கொண்டா."

துணியால் ஒற்றி எடுத்ததும் வெள்ளைத் துணியில் ரோஜா நிறத்தில் வட்டம் விழுந்தது. மறுபடி ஒற்றினாள். அதற்கும் அடியிலிருந்து இன்னொரு வட்டம், கொஞ்சம் காய்ந்தது.

"மெஜந்தா இங்க்," என்றாள்.

"ஆத்தாடி! சாமி பொட்டுக்கும் ஆப்செட் வந்திருச்சா?" என்றான் சுடலை.

"ரெண்டு வட்டம், ரெண்டு வருசம். இந்த வருசத்துக் குங்குமம் உங்க தாம்பாளத்துல வெச்சது. அடியில இருக்கிற ரெண்டும் இதுக்குச் சொந்தக்காரன் வெச்சது. குங்குமம் வெக்கிற இடத்துல இங்க் வெக்கிறது யாரு அண்ணாச்சி?"

"எவன் வெப்பான் அப்படி?" என்றார் லட்சுமிகாந்தம். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டார்.

மாரிசெல்வி தரையைப் பார்த்தாள்.

ஆவுடைத்தாய் எழுந்து மெஷின் ஹாலுக்கு நடந்தாள். மாலை போட்டிருந்த மெஷின்களை விட்டுவிட்டு, மூலையில் இருந்த பழைய கட்டிங் மெஷினிடம் போனாள். கைப்பிடிக்குக் கீழே மண்ணெண்ணெய்த் துணியை வைத்து அழுத்தினாள். மெஜந்தா.

"இந்த மெஷின்ல முன்னால நின்னது யாரு?"

"வேலையை விட்டுப் போயிட்டான் ஒருத்தன். அவனை எதுக்கு இதுல இழுக்கீக?"

வாசலில் ஆம்னியின் கதவைத் திறந்தபோது மாரிசெல்வி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அக்கா, ஊர்க்காவலன் அண்ணன். ஃபோர்மேனா இருந்தாக. குங்குமம் உதிர்ந்து மெஷின் ரப்பர்ல விழுந்தா அடிக்கிற தாள்ல எல்லாம் புள்ளி விழும்னு, அவுக மட்டும் இங்க்லதான் பொட்டு வெப்பாக. பூசைக்குப் பொரி வாங்க அவுகளும் வந்தாக. அம்புட்டுப் பேர் முன்னாடி அண்ணாச்சிதான், 'ஏலே, உன் கைதான் ராசி, நீயே பொட்டு வை'ன்னு தாம்பாளத்தைக் கையில கொடுத்தாக."

"திருடன் கையில தாம்பாளத்தைக் கொடுத்து, சூடமும் காட்டியிருக்காரு," என்றான் சுடலை. "இம்புட்டு மரியாதையா எந்தத் திருட்டும் நடந்ததில்லக்கா."

"அவுக திருடர் இல்ல," என்றாள் மாரிசெல்வி.

*

ஆனைக்குட்டம் போகிற ரோட்டில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஒரு மினி ஆப்செட், ஒரு கட்டிங் மெஷின், உறை மாட்டிய கம்ப்யூட்டர். மூன்றிலும் மெஜந்தாப் பொட்டு. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் பில் புத்தகத்துக்கு நம்பர் அடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க. ரெண்டு நாளா எதிர்பாக்கேன். அண்ணாச்சி போலீஸை அனுப்புவாருன்னு நெனைச்சேன்."

"போலீஸுக்குப் பொட்டு வாசிக்கத் தெரியாது," என்றாள் ஆவுடைத்தாய். "எடுத்தீகளா?"

"எடுத்தேன்."

சுடலை ஏமாந்துபோனான். "என்னண்ணே பொசுக்குன்னு ஒத்துக்கிட்டீக? நாங்க மிரட்டணும், நீங்க மழுப்பணும், அப்புறம் நான் கதவை மறிச்சு நிக்கணும். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா."

ஊர்க்காவலன் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் உறையை விலக்கினார். பின்னால், பூட்டு இருந்த இடம் காலியாக இருந்தது.

"அங்க வெச்சிட்டு வந்தது என் பூட்டு. விருதுநகர்ல ஒரு பிரஸ்ஸை மூடினாக. அவுககிட்ட முறையா எழுதி வாங்கி, காசு கொடுத்து வாங்கினேன். இதை நம்பித்தான் வேலையை விட்டேன். ஒரு வருசம் ஓடுச்சு. மல்லாங்கிணறு உரக்கடைக் காலண்டர் ஆர்டர், பதினெட்டு வருசமா அண்ணாச்சிக்குப் போனது, தானா என்கிட்ட வந்துச்சு. நான் கேக்கக்கூட இல்ல. அவுக என் கையைத் தேடி வந்தாக."

"அப்புறம்?"

"மெட்ராஸ்ல இருந்து கம்பெனி ஆள் வந்தான். 'நீங்க வாங்கினது செல்லாது. இதை நாங்க யாருக்கும் விக்கலை, பயன்படுத்த அனுமதிதான் கொடுத்தோம். அந்த அனுமதியை இன்னொருத்தர் கைக்கு மாத்த முடியாது'ன்னான். காசு கொடுத்தேனேன்னேன். 'அதை அவங்ககிட்ட கேளுங்க'ன்னான். ஒரு சி.டி.யைப் போட்டான். ரெண்டே நிமிசம். பூட்டு செத்துப் போச்சு. உரக்கடைக் காலண்டர் பாதி உள்ள கிடக்கு. நான் போட்ட பக்கம், நான் வரைஞ்ச கட்டம். என்னால திறக்க முடியல. ஆர்டர் திரும்ப அண்ணாச்சிகிட்டயே போயிருச்சு."

"செத்த பூட்டுக்கும் போன வருசம் பொட்டு வெச்சிருக்கீக."

"செத்தாலும் எனக்குச் சோறு போட்டதுல்லா."

பிறகு அவர் கல்லாப் பெட்டியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"அந்தக் கம்பெனி ஆள் இதைக் காட்டி மிரட்டினான். போற அவசரத்துல இங்கனயே விட்டுட்டான்."

ஆவுடைத்தாய் விரித்தாள். கம்ப்யூட்டரில் அடித்த கடிதம். கையெழுத்து இல்லை. 'ஊர்க்காவலன் என்பவர் உங்கள் சாஃப்ட்வேரை முறைகேடாக உபயோகிக்கிறார். இவர் மட்டுமில்லை, இந்த ஊரில் பலபேர் இப்படித்தான். சும்மா விடாதீர்கள். இப்படிக்கு, ஒரு நலம்விரும்பி.'

அவள் வாசகத்தில் நிற்கவில்லை. தாளைத் தடவினாள், சுடலையின் டைரியிலிருந்து ஒரு முழுத் தாளை உருவி இரண்டையும் அடுக்கினாள். கடிதம் இரண்டு விரற்கடை குட்டையாக இருந்தது. மேல் ஓரம் கத்தி போட்டதுபோல் நேராக இருந்தது.

"கத்திரிக்கோல்ல வெட்டினா இவ்வளவு சுத்தமா வராது. கட்டிங் மெஷின்ல வெட்டியிருக்கு. லெட்டர்ஹெட் தாள்லயே அடிச்சுட்டு, அப்புறம் தலைப்பை மட்டும் வெட்டி எடுத்திருக்காங்க."

"மொட்டைக் கடுதாசிங்கறது இதுதானா?" என்றான் சுடலை. "தலையை வெட்டிட்டா ஆளைக் கண்டுபிடிக்க முடியாதுன்னு நெனைச்சிருக்காரு."

"கழுத்து மாட்டிக்கிடுச்சுலே. இங்கன பாரு." மேல் ஓரத்தில், மயிரிழை அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு.

"லட்சுமிகாந்தம் ஆப்செட் லெட்டர்ஹெட்ல தலைப்புக்குக் கீழ ஓடுற கோடு," என்றார் ஊர்க்காவலன். "பதினெட்டு வருசம் அதை அடிச்சது நான். அந்தச் சிவப்பை நான்தான் கலந்து வெப்பேன். என் கடையைப் பூட்ட என் கலரையே அனுப்பியிருக்காரு."

அவர் சட்டைப் பையில் கைவிட்டுக் கறுப்புக் கட்டி ஒன்றை மேஜையில் வைத்தார். உயிருள்ள பூட்டு.

"இதை வெச்சு உங்க வேலையைப் பாத்திருக்கலாமே?" என்றாள் ஆவுடைத்தாய்.

"செருகிக்கூடப் பாக்கலைம்மா. எனக்கு இது வேண்டாம். தன் சொத்து தன் கையில இல்லைன்னா எப்படி இருக்கும்னு ரெண்டு நாள் அவர் படணும்னு நெனைச்சேன். அவர் கொன்னதை அவரே கும்பிடணும்னு நெனைச்சேன். ரெண்டும் நடந்துருச்சு. இன்னும் ஒண்ணு பாக்கி. 'நான்தான் எழுதினேன்'னு அவர் வாயால வரணும். என் முன்னாடிகூட வேண்டாம். எவனாவது ஒருத்தன் முன்னாடி. வந்துச்சுன்னா பூட்டை அந்த நிமிசமே கொடுத்துருங்க. வரலைன்னா..."

"வரலைன்னா?"

"நாலே காலுக்குக் கொடுங்க. கம்பெனிக்காரன் நாலுக்கு வாரான்னு தெருவுக்கே தெரியும்."

"நான் யாருக்கும் நிபந்தனை சுமக்கிறவ இல்ல ஊர்க்காவலன்."

"தெரியும். நீங்க நகல் எடுக்கிறவுக. உள்ளது உள்ளபடி எடுப்பீகன்னு ஊர்ல சொல்லுவாக."

பூட்டையும் கடிதத்தையும் ஆவுடைத்தாய் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வேன் ரோட்டுக்கு வந்ததும் சுடலை கேட்டான்: "என்னக்கா செய்யப் போறீக? கூலி கொடுக்கிறது அண்ணாச்சில்லா."

"அவர் என்னை வெச்சது பூட்டைக் கண்டுபிடிக்க. பொய்யைக் காப்பாத்த இல்ல. ஓட்டு."

*

நாலுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. ஹரிஷ்குமார் முன்னதாகவே வந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். கழுத்தில் டை, லேப்டாப், மேஜை மேல் ஒப்பந்தம். மாரிசெல்வி கம்ப்யூட்டர் முன்னால். கதவுக் கண்ணாடிக்கு அப்பால், வேலையில்லாமல் நின்ற மெஷின்காரர்கள் ஏழெட்டுப் பேர்.

"கிடைச்சுதா?" என்று எழுந்தார் லட்சுமிகாந்தம்.

"எடுத்தவர் ஊர்க்காவலன். ஒத்துக்கிட்டார். ஹரிஷ்குமாருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

லட்சுமிகாந்தத்தின் முகத்தில் இரத்தம் ஏறியது. "அந்த நாயா? என் சோத்தைத் தின்னுட்டு... அவனை உள்ள வெக்கணும்மா! இன்னிக்கே!"

"வெக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி." கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள். "இதை எழுதினது நீங்களா?"

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "நான் எதுக்கு எழுதணும்?"

"இந்தச் சிவப்புக் கோடு உங்க லெட்டர்ஹெட்டு."

"எவனாவது தாளைத் திருடியிருப்பான். அவனே எழுதியிருப்பான்!"

"தன் கடையை மூடச் சொல்லித் தானே எழுதினாரா?" என்றான் சுடலை. "வித்தியாசமான ஆளுதான்."

"சார், ரெண்டாவது பக்கம் பாத்துடலாமா?" என்றான் ஹரிஷ்குமார். "பழைய பூட்டு வெச்சிருக்கிறவங்க வாடகைக்கு மாறும்போது அதை எங்ககிட்ட ஒப்படைச்சிடணும்."

"அதான் போயிருச்சே! போச்சுன்னு எழுதிக்க."

"எப்போ கிடைச்சாலும் எங்களுக்குச் சொந்தம்னு எழுதிக்கிறேன்."

"என்னத்தையும் எழுதுய்யா."

ஆவுடைத்தாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "அண்ணாச்சி, ரெண்டாந் தரமாக் கேக்கேன். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க சீசன் தப்பிச்சிரும். இந்தத் தாள்ல கையெழுத்துப் போட வேண்டியிருக்காது."

"யாரும்மா நீ? நான் கூலி கொடுத்து வெச்ச ஆளு, எனக்கே வக்கீல் நோட்டீஸா?"

"மூணாந் தரம். எழுதினது நீங்களா?"

கண்ணாடிக்கு அப்பால் நின்றவர்களை லட்சுமிகாந்தம் ஒருமுறை பார்த்தார். அவர்கள் எல்லாரும் ஊர்க்காவலனிடம் தொழில் படித்தவர்கள்.

"இல்ல. என் பிரஸ்ஸே முங்கினாலும் அவன்கிட்ட நான் இறங்க மாட்டேன். எங்க போடணும் கையெழுத்து?"

"மூணு இடத்துல சார்."

மூன்று இடத்திலும் போட்டார். கடைசிக் கையெழுத்தில் பேனா தாளைக் கிழித்தது. ஹரிஷ்குமார் முத்திரை குத்தினான்.

ஆவுடைத்தாய் கைப்பையைத் திறந்து, கறுப்புக் கட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"உங்க பூட்டு அண்ணாச்சி. கண்டுபிடிச்சுத் தரச் சொன்னீக. தந்தாச்சு."

லட்சுமிகாந்தம் அதையே பார்த்தார். கை நீண்டது. அதற்குள் ஹரிஷ்குமாரின் கை அதை எடுத்துவிட்டது.

"ஒப்பந்தப்படி இது இப்போ எங்களுது சார். மன்னிச்சுக்கங்க."

"கையில வெச்சுக்கிட்டா கேட்டே? நான் கையெழுத்துப் போடற வரைக்கும் பாத்துக்கிட்டா இருந்தே? உன்னையும் அவனையும் சேத்துக் கம்பி எண்ண வெக்கேன் பாரு!" என்று ஆவுடைத்தாய் மேல் பாய்ந்தார் லட்சுமிகாந்தம்.

"எதைக் காட்டி? களவு போனது உங்க மேஜைக்கு வந்தாச்சு. அதை எடுத்துக்கிட்டது உங்க கையெழுத்து."

அவர் ஹரிஷ்குமார் பக்கம் திரும்பினார். குரல் குழைந்தது. "தம்பி, இந்தத் தாளைக் கிழிச்சிரு. பூட்டுதான் கிடைச்சிருச்சுல்லா."

"முடியாது சார். நெஜமாவே என் கையில எதுவும் இல்ல. இந்த ஊர்ல ஒருத்தரையும் நாங்க தொந்தரவு பண்ணாமத்தான் இருந்தோம். போன வருஷம் இந்த லெட்டர் வந்துச்சு. பலபேர் இப்படித்தான்னு எழுதியிருந்தாங்க. ஆள் அனுப்பிப் பாத்தோம். ஊர் பூரா பழைய பூட்டு கை மாறிக்கிட்டிருக்கு. அதுக்கப்புறம்தான் இனிமே விக்கவே வேண்டாம், எல்லாரையும் வாடகைக்கு மாத்துங்கன்னு மேல இருந்து ஆர்டர். எல்லாத்துக்கும் இந்த ஒரு லெட்டர்தான் சார்."

லட்சுமிகாந்தத்தின் கண் பளிச்சிட்டது. பேரத்துக்கு ஒரு பிடி கிடைத்துவிட்ட வியாபாரியின் கண்.

"அப்ப எனக்கு வாடகையைத் தள்ளுபடி பண்ணணும்லா! உங்களுக்கு இம்புட்டு நல்லது செஞ்சது யாருய்யா? அந்த லெட்டரை எழுதினதே நான்தானே!"

கண்ணாடிக்கு அப்பால் ஒருவன் மற்றவனைப் பார்த்தான். மாரிசெல்வி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

சுடலை கடிகாரத்தைப் பார்த்தான். "மணி நாலு இருபதுக்கா. இந்த வார்த்தை கால் மணி நேரம் முந்தி வந்திருக்க வேண்டியது."

ஹரிஷ்குமார் பூட்டை லேப்டாப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான்.

"அந்தத் தள்ளுபடிக்கு ஒப்பந்தத்துல இடமே இல்ல சார். ஆனா ரொம்ப நன்றி. அடுத்த வருஷ வாடகைக்கும் ஆயுத பூஜை முடிஞ்ச கையோட வந்துடறேன். சீசன் நேரத்துல வந்தாத்தான் நீங்க படிக்காம கையெழுத்துப் போடுறீங்க."